கறள் பற்றிய கிளச்

மார்கழி மழை ஓய்ந்து தைப் பனி தொடங்கும் நாட்களில் எம் ஊர்களிலே ஒரு காட்சியைக் காணலாம். மாரி முழுதும் கொட்டிலுக்குள் கிடந்த பழைய மோட்டார் வண்டியை வெளியே எடுக்க ஒருவர் முனைவார். பற்றறிக்கு மின்னேற்றியாயிற்று, புதிய பெற்றோல் விட்டாயிற்று, எஞ்சினும் இரண்டு முறை இருமி, ஒருமுறை தும்மி, பின்னர் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிடும். வீட்டார் முகங்கள் மலரும். அடுத்த கணம் அவர் கிளச் மிதியை அழுத்திக் கியரைப் போடப் பார்ப்பார். கியர்ப் பெட்டியிலிருந்து பல்லைக் கடிப்பது போன்ற ஓர் ஓசை எழும், கியர் விழாது. மீண்டும் அழுத்துவார், மீண்டும் அதே ஓசை. மலர்ந்த முகங்கள் ஒவ்வொன்றாக வீட்டினுள்ளே மறையும்.

சில வாரங்களுக்கு முன் இப்பகுதியிலே பழைய தையல் இயந்திரங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நேயர் சிலர், மோட்டார் வண்டியின் நோய்களையும் இவ்வாறு எடுத்துச் சொல்லலாகாதா என வினவியிருந்தனர். வண்டியின் நோய்கள் பல. அவற்றுள் மருந்தைவிடப் பொறுமையை மிகுதியாக வேண்டி நிற்பது இக்கிளச் இறுக்கமே. ஆகவே இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

கிளச் என்பது யாது? எஞ்சின் ஓயாது சுழல்வது. சில்லுகளோ வேண்டியபோது நிற்கவும் வேண்டியபோது ஓடவும் கடமைப்பட்டவை. இவ்விரண்டையும் இணைத்தும் பிரித்தும் வைப்பதே கிளச்சின் தொழில். எஞ்சினின் பின்முனையிலே கனத்த இரும்பு வட்டம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். பறப்புச் சில்லு என வகுப்பறையில் நாம் கூறுவது இதனையே. அதற்கு எதிரே அமுக்கத் தட்டு என்னும் இன்னோர் இரும்பு வளையம் உண்டு. இவ்விரண்டிற்கும் நடுவில், இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் பொருத்திய மெல்லிய தட்டு ஒன்று, கியர்ப் பெட்டியிலிருந்து வரும் தண்டின் வரிப்பற்களின் மேல் முன்னும் பின்னும் சற்றே நகரத்தக்கதாய் அமர்ந்திருக்கும். வலிய சுருள்வில்கள் அமுக்கத் தட்டைத் தள்ள, அது நடுத்தட்டைப் பறப்புச் சில்லோடு சேர்த்து நெரித்துப் பிடிக்கும். எஞ்சினின் சுழற்சி சில்லுகளுக்குச் செல்லும். நாம் மிதியை அழுத்துங்கால் அமுக்கத் தட்டுப் பின்வாங்கும். நடுத்தட்டு எவராலும் பிடிக்கப்படாது சும்மா நிற்கும். எம் மாணவன் ஒருவன் இதனைக் கேட்டுவிட்டு, "சேர், அம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் நடுவிலை அகப்பட்ட எங்கட அப்பா மாதிரி" என்றான். அவ்வுவமையைக் கரும்பலகையில் எழுதத் துணிந்தோமில்லை; ஆயினும் அதனினும் தெளிவாக எந்நூலும் விளக்கியதாக நாம் அறியோம்.

மிதியை அழுத்தும்போது அத்தட்டுகள் விலகும் தூரம் மிகச் சிறிது. கைந்நகத்தின் தடிப்பளவுகூட இராது. இனி, பறப்புச் சில்லும் அமுக்கத் தட்டும் வெறும் இரும்பு. எண்ணெயும் பூசமுடியாது, வர்ணமும் தீட்டமுடியாது. பூசினால் உராய்வு கெட்டுக் கிளச் வழுக்கும். மாதக்கணக்காக வண்டி அசையாது நிற்கையில், மாரிக்கால ஈரமும் கடலோரத்து உப்புக் காற்றும் அவ்விரும்பிலே கறளை விளைக்கின்றன. கறள் தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பருமனில் மிக்கது. அது வீங்கிப் பொங்கி, உராய்வுப் பொருளின் நுண்ணிய துளைகளுக்குள் வேரோடி, தட்டையும் இரும்பையும் பசையிட்டது போல் ஒட்டிவிடுகின்றது. பின்னர் மிதியை அழுத்தினாலும் நடுத்தட்டு விடுபடுவதில்லை.

அண்மை ஆண்டுகளில் இந்நோய் எம்மிடையே மிகுந்தமைக்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இன் தொடக்கத்திற்றான். இடைப்பட்ட காலத்தில், பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிய வண்டிகளெல்லாம் திடீரெனப் பெறுமதி பெற்றன. ஆனால் நடுவில் 2022 வந்தது. எரிபொருள் நிலையங்களின் வாயிலில் இரவும் பகலும் வரிசை நின்றதையும், பின்னர் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என வாங்கியதையும் எவர் மறப்பர்? அன்று கொட்டிலுக்குட் போன பழைய கார்களுட் சில இன்னும் வெளியே வரவில்லை. விலை ஏறியது; வண்டியோ இறுகியது.

எம் வீட்டுக்கு நான்கு வளவு தள்ளி அத்தகைய வண்டி ஒன்று நின்றது. இளைப்பாறிய தபாலதிபர் ஒருவருக்கு உரியது, மொறிஸ் மைனர். "சிலோன்" என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளையே இரண்டிரண்டாகக் கோத்து இலக்கத் தகடு வழங்கிய காலத்து வண்டி. முன்கண்ணாடி நடுவே பிரிக்கப்பட்டு இரு துண்டாய் இருக்கும். எஞ்சின் 803 சி.சி. இவ்வகை 1952 முதல் 1956 வரை வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மைனர் 1948இலே முதன்முதல் விற்பனைக்கு வந்து, 1960 முடியுமுன் பத்து இலட்சத்தை எட்டியது. பிரித்தானியக் கார்களுள் அத்தொகையை முதலில் எட்டியது அதுவே. இங்கிலாந்தில் இன்றும் ஓடும் மைனர்கள் சிலவற்றுக்கு வேண்டிய உடற்தகடுகள் பிற்காலத்தில் எம் நாட்டின் தென்பகுதியிலே செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. அங்கிருந்து இங்கு வந்த வண்டிக்கு இங்கிருந்து அங்கு உறுப்புப் போனது எமக்கு ஏனோ ஒரு சிறு மகிழ்ச்சியைத் தருகின்றது.

அவ்வண்டியின் வரலாறு ஊரறிந்தது. 1990இலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த ஆண்டுகளிலே, அது மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றரினுள்ளே சில துளி பெற்றோலைப் பீய்ச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவது அக்காலத்து முறை. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே அவ்வுணவைச் செரிக்கவல்லன. ஆகையினாற்றான் அந்நாட்களில் புதிய கார்கள் படுத்துக்கிடக்க, ஒஸ்ரினும் மொறிசும் வெண்புகை கக்கிக்கொண்டு தெருவை ஆண்டன. நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் பலர் அந்த மைனரின் பின் ஆசனத்தில் இருந்து போனவர்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே அது ஒரு குடும்பத்தையும், இரண்டு அயல்வீட்டு முதியோரையும், ஒரு மூடை அரிசியையும் தென்மராட்சிக்குச் சுமந்து சென்றது. மறுவருடம் சுமந்து திரும்பியது.

தபாலதிபர் 2021இலே காலமானார். அடுத்த ஆண்டு எரிபொருட் பஞ்சத்தோடு வண்டி கொட்டிலுக்குட் போயிற்று. அவருடைய மனைவியாரை நாம் மாமி என்றழைப்பது வழக்கம். மகன் கனடாவில்; கூரை ஒழுகுகிறது; கண்ணிலே புரை. வண்டியை விற்றுவிடுவதென முடிவாகி, வவுனியாவிலிருந்து ஒருவர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஓடும் வண்டியாயின் ஒரு விலை. ஓடாததாயின், லொறியில் ஏற்றிச் செல்லும் கூலியையும் கழித்து, அதிற் பாதி. நகரத்துக் கராஜ் ஒன்றிலிருந்து வந்து பார்த்த இளைஞர், எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ கழற்றி இறக்காமல் ஒன்றும் செய்யமுடியாது என்றும், இரண்டு கிழமை செல்லும் என்றும் கூறிப்போயினார். அவர் சொன்னது பொய்யன்று. ஆயினும் அது கடைசி வழி, முதல் வழியன்று.

மாமி எம்மை அழைத்துச் சொன்னது இது: "தம்பி, வித்தாலும் சரி, விக்காட்டிலும் சரி, அது தன்ர சில்லிலை போகவேணும். கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போறதைப் பாக்க எனக்கு ஏலாது."

அன்று புதன்கிழமை. வகுப்பிலே சடத்துவத்தையும் முறுக்கத்தையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவரேனும், ஒரு கிளச்சின் முன் நிற்கும்போது எம் அறிவு எத்துணைப் பயன்படும் என்பதை நாம் அறிவோம். எனவே ஊரிலுள்ள ஓர் அண்ணையிடம் போனோம். எழுபது கடந்தவர், இளமையில் யாழ் நகரக் கராஜ் ஒன்றிலே தொழில் பழகி, வாடகைக் கார்கள் எத்தனையோ திருத்தியவர். அவர் சைக்கிளிற் கொளுவிய துணிப்பையோடு வந்தார். எஞ்சின் மூடியைத் திறப்பார் என எதிர்பார்த்தோம். அவரோ கியரை நடுநிலையில் விட்டுவிட்டு, வண்டியின் பின்னே போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி முணுமுணுத்துக்கொண்டு உருண்டது.

"சில்லும் பிறேக்கும் இறுகேல்லை. இனி மாஸ்ரர், நாலாம் கியரைப் போட்டுக் கிளச்சை மிதிச்சுக்கொண்டிருங்கோ," என்றார்.

மிதித்துக்கொண்டிருந்தோம். அவர் மீண்டும் தள்ளினார். இம்முறை வண்டி ஓரடிக்கு ஒருதரம் தயங்கித் தயங்கி நகர்ந்தது. முன்னாலே எஞ்சினிலிருந்து மூச்சு விடுவது போன்ற ஒலி வந்தது.

"கேட்டியளோ? கிளச் விட்டிருந்தா எஞ்சினுக்கு மூச்சு வராது. சில்லு சுத்தேக்கை அதுவும் சேந்து சுத்துது."

அடுத்து வண்டியின் அடியிலே பாயை விரித்துப் படுத்தார். இப்பழைய மைனரிலே மிதிக்கும் கிளச்சுக்கும் இடையில் எண்ணெய்க் குழாய் கிடையாது. கம்பிகளும் நெம்புகளுமே உண்டு. நாம் மிதிக்க, அவர் கீழே ஒவ்வொரு மூட்டாய்த் தொட்டுப் பார்த்தார். ஊசிகளும் துளைகளும் தேய்ந்திருந்தால் மிதியின் அசைவு பாதி வழியிலேயே செலவாகிவிடும். கிளச்சில் ஒரு குற்றமும் இராது, ஆயினும் கியர் விழாது. எண்ணெயினால் இயங்கும் பிற்காலக் கார்களிலே உருளையின் ரப்பர் கெட்டு, இதே குறியைக் காட்டும். இதனைப் பாராமல் கியர்ப் பெட்டியைக் கழற்றியவர் பலர் உளர். இவ்வண்டியில் மூட்டுகள் வறண்டிருந்தன. ஆனால் அசைவு உள்முள் வரை முழுமையாய்ப் போயிற்று. அம்மூட்டுகளுக்கு மாத்திரம் துளித்துளியாய் ஒயில் விட்டார். உள்ளே கிளச்சுக்கும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டாலென்ன என்று நாம் கேட்டோம். அண்ணை எம்மைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிப்பது அரிது. கறள் இளகுமுன் உராய்வுத் தட்டு அதனைக் குடித்துவிடும். பின்பு ஒட்டிய கிளச் வழுக்குங் கிளச்சாகும். அதற்கு மாற்றுத் தட்டைத் தவிர மருந்தில்லை.

ஒட்டியிருப்பது எம்முகம் என்பதையும் அவர் விளக்கினார். அமுக்கத் தட்டை நெம்புகள் நேரே பற்றி இழுக்கின்றன. ஆதலால் அந்தப் பக்கத்துக் கறள் பெரும்பாலும் முதலிலேயே விட்டுப்போகும். பறப்புச் சில்லின் பக்கத்திலோ நடுத்தட்டைப் பிரித்திழுக்க எவருமில்லை. அதனைத் தண்டின் முறுக்கு ஒன்றே உரித்தெடுக்க வேண்டும். இது எமக்குப் புதிய பாடம்.

பின்னர்க் கொட்டிலின் கதவுகளை அகலத் திறந்துவிட்டு, எஞ்சினை நடுக்கியரில் அரைமணி நேரம் ஓடவிட்டார். மூடிய கொட்டிலில் எஞ்சினை ஓட்டுதல் உயிருக்கே உலை. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. எஞ்சின் சூடேறப் பறப்புச் சில்லும் சூடேறும். இரும்பும் உராய்வுப் பொருளும் ஒரே அளவாக விரிவதில்லை. அவ்விகற்பம் கறளின் பிடியைச் சற்றே தளர்த்தும். ஓடிக்கொண்டிருக்கையில் மிதியை அழுத்தலாமோ என்றோம்.

"கூடாது மாஸ்ரர். உள்ளுக்கை கரி வளையம் ஒண்டு இருக்கு. மிதிச்சபடி எஞ்சினை ஓடவிட்டா அது மாவாத் தேஞ்சுபோம். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு மிதிக்கவேணும்."

நிறுத்தியதும் அவர் வேலியோரத்தில் கிடந்த பனஞ்சிலாகைத் துண்டொன்றை எடுத்து, கைவாளால் அளவாய் அறுத்து, ஒரு முனையை மிதியிலும் மறுமுனையை ஆசனத்தின் இரும்புச் சட்டத்திலும் கொடுத்து இறுக்கினார். மிதி அடிமட்டத்தில் நின்றது. "இரவு முழுக்க இருக்கட்டும். குளிர்ந்து சுருங்கேக்கை விட்டாலும் விடும்," என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வியாழன் காலை விடவில்லை. மறுபடி சூடாக்கினார், மறுபடி சிலாகை. அன்று மாமி தந்த தேநீரைக் குடித்தபடி, பிறர் கையாளும் வழிகளைப் பற்றி அவரிடம் கேட்டோம். பலரும் செய்வது, கியரைப் போட்டு, மிதியை அழுத்திக்கொண்டு, ஸ்ராட்டரை அடித்து வண்டியோடு எஞ்சினை எழுப்பி, வெளியில் ஓட்டிக்கொண்டே அக்சிலறேற்றரை அழுத்தியும் விட்டும் குலுக்குவது. அகன்ற வயல்வெளியில் இது பலிப்பதுண்டு. ஆனால் அவ்வண்டியை நிறுத்த ஒரே வழி திறப்பை மூடுவது. ஒழுங்கையிலே ஒரு பிள்ளை குறுக்கிட்டால் என்ன செய்வது? மற்றொரு வழி, பின்சில்லுகள் இரண்டையும் நிலத்திலிருந்து உயர்த்தி, கியரில் எஞ்சினை ஓட்டி, மிதியை அழுத்தியபடி பிறேக்கைத் திடீரெனப் பிடிப்பது. சில்லு நிற்கும், கனத்த பறப்புச் சில்லோ தன் சடத்துவத்தால் நிற்க மறுக்கும், அப்பிணக்கிலே கறள் அறுபடும். பொறிமுறையிற் குறைகூற முடியாத வழி. எனினும் சுழலும் சில்லோடு ஒரு வண்டி ஜக்கின் மேல் நிற்பதை எண்ணிப் பாருங்கள்; உறுதியான தாங்கிகளும், முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டையும், முன்னே ஒருவரும் இராத வெளியும் இல்லாவிடில் அதனை நினைக்கவே வேண்டா. "என்ர காலத்திலை ஒருதன் அப்பிடிச் செய்து, கார் ஜக்காலை இறங்கிக் கொட்டில் தூணைக் கொண்டுபோச்சுது," என்றார் அண்ணை. மேலும், ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையுடைய தட்டின் நடுவிலுள்ள சிறு வில்களும் தறையாணிகளும் அத்தகைய அதிர்ச்சியைத் தாங்குமா என்பதும் ஐயமே. தட்டு நொறுங்கினால் சனிக்கிழமைக்கு முன் மாற்றுத் தட்டுக்கு எங்கே போவது?

வெள்ளி மாலை, பள்ளி விட்டு நாம் போனபோது, எஞ்சின் சூடாகி நிறுத்தப்பட்டிருந்தது. சிலாகை இடத்தில் நின்றது. அண்ணை பிளக்குகள் நான்கையும் கழற்றிக் கடதாசியில் வரிசையாக வைத்திருந்தார். பின்சில்லுகளின் முன்னும் பின்னும் மரக்குற்றிகள், கைப்பிறேக் இழுத்திருந்தது, நாலாம் கியர் போட்டிருந்தது, திறப்பை அவர் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார். முன்னாலே வண்டியோடு வந்த பழைய கைக்கம்பி செருகப்பட்டிருந்தது. இக்கம்பி எஞ்சினைச் சுற்றி எழுப்புவதற்கென்று அமைந்தது. அவர் அதனைக் கறளைப் பிரிக்கும் நெம்பாக்கிவிட்டார்.

இங்கே எம் வகுப்பறை அறிவும் சற்றுக் கைகொடுத்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டமையால் எஞ்சினுள்ளே காற்றழுத்தம் எதிர்க்காது. கம்பியில் நாம் இடும் முறுக்கெல்லாம் ஒட்டிய முகத்துக்கே போகும். முதலாங் கியரைப் போட்டிருந்தால், எஞ்சின் பக்கத்துக்கு நெம்பு மிகுந்து வண்டியையே அசைக்கப் பார்க்கும். மேற்கியரில் சில்லுகளின் பிடிப்பு முழு வலிமையோடு தண்டை நிறுத்திவைக்கும். இதனை அண்ணைக்கு விரித்துரைத்தோம். "அப்பிடியோ? எங்கட முதலாளி நாலாம் கியர் போடடா எண்டவர், நான் போடுறன்," என்றார்.

கம்பியைக் கீழிருந்து மேலாக, பெருவிரலை மற்ற விரல்களோடு ஒருபுறமாகவே வைத்து, சிறு சிறு வெட்டாக இழுத்தார். தொங்கி இழுக்கவில்லை, உடலின் பாரத்தைக் கொடுக்கவுமில்லை. இழுப்பார், விடுவார், ஒரு மூச்சு எடுப்பார், மீண்டும் இழுப்பார். கறள் திடீரென விட்டால் கம்பியோடு ஆளும் போய் விழாதிருப்பதற்கு அந்த அளவு வேண்டும். பத்துப் பதினைந்து முறை ஒன்றுமில்லை. மாமி வாசற்படியில் இருந்தார், பேசவில்லை. கம்பியைக் கழற்றிக் கோணத்தை மாற்றிச் செருகினார். மேலும் சில இழுப்பு. அப்போது பனங்கொட்டையைப் பிளக்கும் ஒலி போல 'டக்' என்று ஒன்று கேட்டது, கம்பி அரைச்சுற்று எளிதாய்ச் சுழன்றது, வண்டி அசையவில்லை.

அண்ணை கம்பியை மேலும் இருமுறை மெல்லச் சுற்றிப் பார்த்துவிட்டு, "விட்டிட்டுது, அக்கா," என்றார்.

சிலாகையை எடுத்து, பிளக்குகளைப் பூட்டி, எஞ்சினை ஓட்டி, மிதியை அழுத்திக் கியரைப் போட்டபோது, பல்லைக் கடிக்கும் ஓசை இல்லை. எனினும் பணி அத்தோடு முடியவில்லை. முகங்களில் எஞ்சிய கறளைத் துடைக்கும் துணி கிளச்சேதான். ஒழுங்கையில் இரண்டாங் கியரிலே பலமுறை மெதுவாகக் கிளச்சை விட்டு விட்டு எடுத்தார். தொடக்கத்தில் வண்டி நடுங்கியது. ஆறேழு முறைக்குப் பின் நடுக்கம் தணிந்தது. இடையிடையே ஆறவும் விட்டார், தொடர்ந்து வழுக்கவிட்டால் தட்டு எரிந்து மணக்குமாதலால். இறுதியாக மிதியின் மேற்புறத்து வெற்றசைவைச் சரிபார்த்தார். காலை வைத்ததும் உடனே கனக்குமாயின் கரிவளையம் எப்போதும் உரசித் தேயும்; வெற்றசைவு மிகுந்தாலோ தட்டு முழுதும் விலகாது, கறளில்லாமலே கியர் கடிக்கும். இரண்டிற்கும் நடுவே சிறிதளவு இருத்தல் வேண்டும்.

சனிக்கிழமை வந்தவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். இளைஞர், தாமும் ஓர் ஆசிரியர் என்றார். முதலிற் பேசிய முழு விலையும் கொடுத்தார். மாமி அவரிடம், வண்டி போகும்போது ஹோணை அடிக்கவேண்டாம் என்று மாத்திரம் கேட்டுக்கொண்டார். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அண்ணை கூலியாகப் பெற்றது மிகக் குறைவு. அதனைப் பற்றி எழுதவேண்டாம் என்றும் எமக்குக் கூறியுள்ளார். ஆகையால் தொகையைக் குறிப்பிடாது விடுகின்றோம்.

இனி, இவ்வாறு முயல விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள். மூன்று நான்கு நாள் பொறுத்துச் சூடாக்கியும் அழுத்தியும் விடாத கிளச்சிலே, நடுத்தட்டின் மையம் தண்டின் வரிப்பற்களோடு கறளேறி இறுகியிருத்தல் கூடும். அது கைக்கம்பிக்கு அடங்குவதன்று. முகம் விட்டாலும் தட்டு நகர்ந்து விலகாது, மிதித்தும் இழுபடும். அப்போது கழற்றுவதே வழி. நகரத்து இளைஞர் சொன்னதுதான் சரி. கழற்றுவோர் ஒன்றை மறவாதிருப்பாராக: பழைய உராய்வுத் தட்டுகளும் பிறேக் பட்டைகளும் அஸ்பெஸ்ரஸ் கலந்து செய்யப்பட்டவை. அக்காலத்துக் கராஜ்களிலே அத்தூசியைக் காற்றுக் குழாயால் ஊதியும் வாயால் ஊதியும் அகற்றினர். அது நெஞ்சறையிற் தங்கி நெடுங்காலத்தின் பின் கொடிய நோயை விளைக்கும் என்பது இன்று ஐயமற்ற உண்மை. ஊதவேண்டாம், நீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அத்துணியையும் பையிலிட்டுக் கட்டிவிடுக. பிள்ளைகளை அருகில் விடவேண்டாம்.

வருமுன் காப்பது பற்றி: மாரியில் வண்டியை நிறுத்தி வைப்போர் மாதத்துக்கு இருமுறையேனும் எஞ்சினைச் சூடாக்கி, வளவுக்குள்ளேனும் முன்னும் பின்னும் நகர்த்தி, கிளச்சைப் பலமுறை மிதித்து விடுதல் நன்று. அதற்கும் ஆளில்லாத வீடுகளில், ஊர் விட்டுப் போகுமுன் சிலாகையைக் கொடுத்து மிதியை அழுத்தி வைக்கலாம். தட்டுகள் தொடாதிருந்தால் ஒட்டவுமாட்டா. வில் தளருமே என்று அஞ்சுவோர் உளர். ஓர் பருவகாலம் அழுத்தி வைத்ததனால் கெட்ட வில்லைத் தாம் கண்டதில்லை என்பார் அண்ணை. அவ்வாறு வைப்போர் ஒரு கடதாசியில் "கிளச் மிதி அழுத்தியுள்ளது" என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுக்கானிலே கட்டிவிடுதல் வேண்டும். இல்லாவிடில், விடுமுறைக்கு வந்த மருமகனோ பேரனோ சிலாகையைக் காணாது எஞ்சினை எழுப்பி, அரைமணி நேரம் ஓடவிட்டு, கரிவளையத்தை மாவாக்கிவிட்டுத்தான் இறங்குவார்.